செதுக்கலுக்கு முன்பே முடிந்துவிடும் வேலை

அன்புள்ள ஐயா,

பீட்டர்மாரிட்ஸ்பர்க் அருங்காட்சியகத்தில் வூர்ட்ரெக்கர் (19ஆம் நூற்றாண்டில் தென்னாப்பிரிக்காவின் உட்பகுதிக்கு இடம்பெயர்ந்த, டச்சு வழிவந்த போயர்கள்) காலத்துத் துப்பாக்கிகளைப் பார்த்தேன். குழலின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் அவற்றில் பூவேலை எதுவும் இல்லை. அமெரிக்காவின் பென்சில்வேனிய நீள் ரைஃபிள்களை இன்றும் கையால் செய்பவர்களின் படங்களிலோ பித்தளையும் செதுக்கலும் நிறைந்திருக்கின்றன. கைவினை என்பது அந்த அலங்காரம்தானா? நான் மரத்தச்சன் என்பதால் கேட்கிறேன்.

வாசகர், சாட்ஸ்வர்த், டர்பன்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டும் வெவ்வேறு தேவைக்குப் பிறந்தவை. போயர்கள் ‘சன்னா’ என்று செல்லமாக அழைத்தவை பெரும்பாலும் உள்வரி (குழலின் உட்சுவரில் சுழன்று செல்லும் வரிப்பள்ளம்) இல்லாத, வாய் அகன்ற குழல்கள்; விரைவாகக் கெட்டிப்பதற்கும், ஒற்றைக் குண்டுக்குப் பதிலாகப் பல சிறு குண்டுகளைச் சேர்த்துச் சுடுவதற்கும் அவை வசதியானவை. பென்சில்வேனிய ரைஃபிளோ, 18ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்கள் தங்கள் ஊரின் குட்டையான வேட்டைத் துப்பாக்கியை நீட்டி மெலிதாக்கியதால் உருவானது. குழல் பெரும்பாலும் 40 அங்குலத்தைத் தாண்டும்; துளை சிறியது என்பதால் ஈயமும் மருந்தும் மிச்சமாகும்.

உங்கள் கேள்விக்கு என் பதில், இல்லை என்பதே. செதுக்குளி மரத்தைத் தொடுவதற்கு முன்பே வேலையின் தரம் தீர்மானமாகிவிடுகிறது. குழலின் பின்வாயை அடைக்கும் திருகின் முகப்புக்குச் சற்று முன்னால்தான், உள்ளிருக்கும் மருந்துக்குத் தீ செல்லும் தீத்துளை இருக்க வேண்டும். அத்துளைக்கு நேராகப் பூட்டின், அதாவது தீப்பொறி எழுப்பும் பொறியமைப்பின், மருந்துக் கிண்ணம் அமைய வேண்டும். பூட்டின் இடம் உறுதியானால்தான் விசையின் இடமும், அதைப் பொறுத்துக் கைப்பிடியின் வளைவும் உறுதியாகும். ஆகவே முதல் அளவில் நூலிழை பிசகினாலும் அது கடைசிவரை தொடரும். குழலுக்கும் அதன் அடியில், குண்டை உள்ளே தள்ளும் கெட்டிக்கோல் நுழையும் துளைக்கும் நடுவே மிக மெல்லிய மரம்தான் மிஞ்சுகிறது. அந்த நீண்ட துளை சற்றே விலகினால் குழலில் போய் முட்டும், அல்லது மரத்தின் வெளிப்புறத்தைப் பிளந்துகொண்டு வரும். முன்கட்டை ஒயிலாக மெலிந்திருப்பதன் அழகு அந்தத் துளையின் நேர்மையில்தான் இருக்கிறது.

பூட்டை மரத்தில் பதிக்கும் விதம் தச்சரான உங்களுக்குப் பிடிக்கும். இரும்புத் தகட்டை விளக்குச் சுடரில் காட்டிக் கரி பிடிக்க வைத்து, குழிவில் அழுத்தி எடுத்து, மரத்தில் கரி ஒட்டிய இடத்தை மட்டும் உளியால் சுரண்டுகிறார்கள். தகடு எல்லாப் பக்கமும் மரத்தோடு ஒட்டும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பொறுமையற்றவர்களுக்கு இங்கே இடமில்லை. ஒரு சீவல் கூடுதலாகப் போனால் இடைவெளி நிரந்தரமாகிவிடும். மெழுகு பூசி மறைத்தாலும் கண்டுபிடித்துவிடலாம்.

அலங்காரமென்று நீங்கள் எண்ணும் சிலவற்றுக்கும் வேலை உண்டு. தோளில் பதியும் அடிக்கட்டையிலுள்ள பித்தளை மூடிப் பெட்டி, குண்டைச் சுற்றும் எண்ணெய்த் துணியை வைப்பதற்காக வந்தது. அந்தத் துணிதான் உள்வரியைக் கவ்விக் குண்டைச் சுழல வைக்கிறது. அலையலையான மேப்பிள் மரத்துக்கு, இரும்பு கரைந்த நைட்ரிக் அமிலத்தைத் தடவிச் சூடு காட்டினால், நிறம் இழைகளுக்குள்ளேயே இறங்கிவிடும், மேற்பூச்சாக நிற்காது.

இந்த வேலைகள் சரியாக அமைந்த பிறகு வரும் செதுக்கலை நானும் ரசிப்பேன். ஆனால் வெள்ளிப் பூக்கள் நிறைந்த துப்பாக்கியில் பூட்டின் விளிம்போரம் காகிதம் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தால், பூவேலை இல்லாமல் விளிம்பு சேர்ந்திருக்கும் ஒன்றையே உயர்ந்தது என்பேன்.