அப்பாவின் கௌரவத்துக்கு என் பெயரில் கடனா?

கேள்வி: வயது 28, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன், சம்பளம் 42,000. ஆவணியில் எனக்குக் கல்யாணம். 1,200 இலைச் சாப்பாடு, தனி மண்டபத்தில் ரிசப்ஷன், மேடை அலங்காரம், ட்ரோன் கேமரா எல்லாம் சேர்த்து பட்ஜெட் 14 லட்சம், என் சேமிப்பு 4 லட்சம், மீதி 10 லட்சத்துக்குப் பர்சனல் லோன் போடச் சொல்கிறார் அப்பா. பெரியப்பா வீட்டுக் கல்யாணத்தைவிடக் குறைந்தால் ஊரில் தலைகாட்ட முடியாதாம். மொய்ப் பணத்தில் கடனை அடைத்துவிடலாம் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். 14 சதவீத வட்டியில் 5 வருடத்துக்கு 10 லட்சம் வாங்கினால் மாதத் தவணை சுமார் 23,270. வட்டி மட்டும் ஏறக்குறைய 4 லட்சம். கையில் நிற்பது 19,000-க்கும் குறைவு, அதில்தான் வாடகை, மளிகை, ஆஸ்பத்திரி, அப்புறம் குழந்தை பிறந்தால் அதுவும்.

மொய்யை நம்பி எந்தக் கடனும் வாங்காதீர்கள். பாதி அப்பா முன்பே செய்த மொய் திரும்பி வருவது, மீதி நீங்கள் இனி திருப்பிச் செய்ய வேண்டியது, அதுவும் கொஞ்சம் கூட்டி. எவ்வளவு வரும் என்பது கல்யாணத்தன்று சாயங்காலம்தான் தெரியும், லோன் பத்திரத்தில் கையெழுத்தோ அதற்கு முன்பே போட்டாக வேண்டும்.

ஆனால் அந்த மொய் நோட்டு வேறொன்றுக்கு உதவும். அப்பாவோடு உட்கார்ந்து அதைப் புரட்டுங்கள். யார் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் அவர் போய் வந்தாரோ அவர்களைக் கூப்பிடாமல் இருக்க முடியாது, சரி, அந்தப் பட்டியல் 500 பேரைத் தாண்டாது என்பது என் கணிப்பு. நீங்கள் போட்டிருப்பது 1,200 இலை, இலைக்கு 400 ரூபாய். 700 இலை குறைந்தால் 2.8 லட்சம் மிச்சம், தனி மண்டபத்தில் வைக்கும் ரிசப்ஷனை விட்டால் இன்னும் 2.5 லட்சம். மேடை அலங்காரம், ட்ரோன் கேமரா என்று நீங்கள் எழுதிய 1.5 லட்சத்தைப் பெரியப்பாவைத் தவிர யாரும் தேடப்போவதில்லை.

இன்னொன்று, இவ்வளவு கணக்கு எழுதிய கடிதத்தில் நீங்கள் கட்டிக்கொள்ளப் போகும் பெண்ணைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! தவணை கட்டும் வீட்டில் குடித்தனம் நடத்தப் போவது அவர், ஊர் இல்லை. இந்தக் கணக்கை முதலில் அவரிடம் காட்டுங்கள், பெண் வீட்டாரும் இதே பயத்தில்தான் செலவு செய்துகொண்டிருக்கலாம்.

இவ்வளவு குறைத்தும் 3.2 லட்சம் இடிக்கும். இரு வீட்டாரும் சம்மதித்தால் தேதியைத் தைக்குத் தள்ளி, ஐந்து மாதம் 15,000 வீதம் சேருங்கள். மீதி 2.45 லட்சத்துக்கு மட்டும் 3 வருடக் கடன், தவணை 8,400 அளவில் வரும், அது உங்கள் சம்பளத்துக்குள் அடங்கும்.