காலைக் கிண்ணத்தில் எத்தனை ஸ்பூன் சர்க்கரை?

கேள்வி: தினமும் காலையில் கிரானோலாவும் (தேன் சேர்த்துச் சுட்ட ஓட்ஸ், கொட்டைப் பருப்புக் கலவை) பழச்சுவை யோகர்ட்டும் சாப்பிடுகிறேன். அதற்கு ஒரு டோநட்டே தேவலை என்கிறார் நண்பர். உண்மையா?

பதில்: சர்க்கரையை மட்டும் பார்த்தால் அவர் சொல்வது சரிதான். பாகு பூசிய சாதாரண டோநட் ஒன்றில் சர்க்கரை சுமார் 10 முதல் 15 கிராம். 150 கிராம் பழச்சுவை யோகர்ட்டில் 18 கிராம் வரை இருக்கும். அதில் 6, 7 கிராம் பாலிலேயே உள்ள லாக்டோஸ், மீதி சேர்த்தது. கிரானோலாவில் ஏமாற்றுவது அளவு. பாக்கெட்டில் ஒரு வேளைக்கு 40 கிராம் என்று இருக்கும். கண் அளவில் கொட்டினால் எளிதாக 80 ஆகிவிடும். ஒருமுறை தராசில் வைத்துப் பாருங்கள். 100 கிராமுக்கு 20 கிராம் சர்க்கரை உள்ள வகையென்றால், அந்த 80 கிராமிலேயே 16 கிராம், அதாவது நான்கு டீஸ்பூன்.

2000 கலோரி உண்பவர் சேர்த்த சர்க்கரை, தேன், பழச்சாறு எல்லாவற்றிலிருந்தும் பெறும் சர்க்கரையை நாளுக்கு 50 கிராமுக்குள் நிறுத்த வேண்டும், 25க்குள் என்றால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டுப் பரிந்துரை. உங்கள் காலை உணவிலேயே அந்த 25 கிட்டத்தட்ட முடிந்துவிடுகிறது.

அதற்காக டோநட்டுக்கு மாறாதீர்கள். மைதாவும் எண்ணெயும்தான் அது. நார்ச்சத்து மிகக் குறைவு, சீக்கிரமே பசிக்கும். வெறும் தயிர் 150 கிராம், நறுக்கிய பழம், மேலே தூவ 30 கிராம் கிரானோலா. இது போதும்.

கேள்வி: லேபிளில் எதைப் பார்ப்பது?

பதில்: ‘100 கிராமில்’ என்ற பத்தியை மட்டும். ‘ஒரு வேளைக்கு’ என்பது தயாரிப்பாளர் வைத்த அளவு. 100 கிராமில் சர்க்கரை 5 கிராமுக்குள் என்றால் குறைவு, 22.5 தாண்டினால் அதிகம். பிரிட்டனில் பின்பற்றும் அளவுகோல் இது. சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து வரிசைப்படுத்தியிருப்பார்கள். சர்க்கரை, குளுக்கோஸ் சிரப், தேன் எனப் பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும். மூன்றையும் மனதில் கூட்டிக்கொண்டு படியுங்கள்.

கேள்வி: ஆரஞ்சு ஜூஸ்?

பதில்: 250 மில்லியில் 20 கிராமுக்கு மேல் சர்க்கரை, நார்ச்சத்தில் பெரும்பகுதி சக்கையோடு போய்விடும். பழமாகவே தின்னுங்கள்.

கேள்வி: வீட்டில் செய்த கிரானோலா உதிரியாகிவிட்டது, உலர் திராட்சையும் கருகிவிட்டது. ஏன்?

பதில்: தேனைக் குறைத்தால் ஒட்டாது. அதற்காகத் தேனைக் கூட்ட வேண்டாம். நுரைக்க அடித்த ஒரு முட்டை வெள்ளைக்கரு அந்த வேலையைச் செய்யும். முழு ஓட்ஸ் 300 கிராம், பாதாம், முந்திரி போன்ற பருப்பு வகைகள் 100 கிராம், எண்ணெய் 3 டேபிள்ஸ்பூன், தேன் 2 டேபிள்ஸ்பூன், கடைசியில் வெள்ளைக்கரு. தட்டில் அழுத்திப் பரப்பி ஓவனில் 150 டிகிரி செல்சியஸில் 25 முதல் 30 நிமிடம். நடுவில் தட்டைத் திருப்பி வையுங்கள், கிளறாதீர்கள். வெளியே எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும். முறுகவில்லையே என்று மறுபடி உள்ளே வைத்தால் தேன் கசந்துவிடும். முழுக்க ஆறிய பின் உடைத்து, திராட்சையை அப்போது கலக்குங்கள்.