குழந்தை நலம்: கைக்குழந்தைக்கு வந்த மூச்சிரைப்பு

கேள்வி: எங்கள் மூன்று மாதப் பெண் குழந்தைக்கு முதலில் மூக்கு ஒழுகியது. மூன்றாம் நாள் இருமலும் இழுப்பும் சேர்ந்து, பால் குடிக்கவே முடியாமல் போனதால் மருத்துவமனையில் சேர்த்து ஐந்து நாள் ஆக்சிஜன் வைத்தார்கள். சீட்டில் ‘பிராங்கியோலைட்டிஸ்’ என்று எழுதியிருக்கிறது. நான் ஆரஞ்சுப் பழம் சாப்பிட்டதும், குழந்தைக்குத் தலைக்கு ஊற்றியதும்தான் காரணம் என்று வீட்டில் சொல்கிறார்கள். உண்மையில் இது எதனால் வந்தது? ஆன்டிபயாட்டிக் கொடுக்காமல் விட்டது சரியா?
- ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: நீங்கள் சாப்பிட்ட பழம் தாய்ப்பால் வழியாகக் குழந்தையின் நெஞ்சில் சளியாக மாறுவதில்லை, வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டியதும் காரணம் அல்ல. அந்தப் பழியை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை, தாயே. பிராங்கியோலைட்டிஸ் என்பது நுரையீரலுக்குள் கிளை பிரிந்து செல்லும் மிகச் சிறிய மூச்சுக்குழல்களில் ஏற்படும் அழற்சி. அதைப் பெரும்பாலும் உண்டாக்குவது ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ். 1956-இல் சளி பிடித்திருந்த ஆய்வுக்கூடச் சிம்பன்சிக் குரங்குகளிடம் முதலில் கண்டறியப்பட்ட இந்த வைரஸ், அடுத்த ஆண்டே நோயுற்ற குழந்தைகளிடமும் இருப்பது தெரியவந்தது. இரண்டு வயதுக்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் இது ஒரு முறையாவது தொட்டுவிடுகிறது. வங்கதேசம், தாய்லாந்து, கென்யா உட்பட ஏழு நாடுகளில் கடும் நிமோனியாவுடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து 2019-இல் வெளியிடப்பட்ட பெரிய ஆய்வில், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு இந்த ஒரே வைரஸ்தான் காரணமாக இருந்தது.

அப்படியானால் பெரியவர்களுக்கு வெறும் மூக்கொழுகலாகப் போகும் கிருமி, மூன்று மாதக் குழந்தையை ஆக்சிஜன் வரை கொண்டுபோவது ஏன்? எல்லாம் குழலின் அகலத்தில் இருக்கிறது. ஒரு குழலின் உள்விட்டம் பாதியாகக் குறைந்தால், அதில் காற்று செல்வதற்கான தடை இரண்டு மடங்கல்ல, பதினாறு மடங்கு கூடுகிறது. நமக்குப் பொருட்டே இல்லாத சிறு வீக்கமும் கொஞ்சம் சளியும் அந்த நூலிழைக் குழல்களை அடைத்துவிடப் போதும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கும் பிறவி இதயக் கோளாறு உள்ளவர்களுக்கும் ஆபத்து இன்னும் அதிகம்.

கிருமி எங்கிருந்து வந்தது என்று கேட்டால், லேசான சளியோடு குழந்தையைத் தூக்கிக் கொஞ்சிய யாரோ ஒருவரிடமிருந்து என்பதே பெரும்பாலும் விடை. அவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. மூக்கைத் துடைத்த கையாலும், அந்தக் கை பட்ட கட்டில் கம்பியாலும் இது பரவும். கெட்டியான பரப்புகளில் சில மணி நேரம் உயிரோடும் இருக்கும். மருத்துவமனை வார்டில் ஒரு கட்டிலிலிருந்து மறு கட்டிலுக்குப் போவதும் இப்படித்தான். ஆகவே, குழந்தையைத் தொடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்வதை மரியாதைக் குறைவு என்று யாரும் எண்ண வேண்டாம்.

ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது என்பதால், உங்கள் மருத்துவர் அதைத் தவிர்த்தது சரியே. ஆக்சிஜன், மூக்குச் சளியை எடுத்துவிடுவது, பாலோ திரவமோ குறையாமல் பார்த்துக்கொள்வது ஆகியவைதான் இதற்குச் சிகிச்சை. ஆனால் எல்லா மூச்சுத் தொற்றும் வைரஸால் வருவதில்லை. நியூமோகாக்கஸ், ஹிப் போன்ற பாக்டீரியாக்களும் கக்குவான் இருமலும் இளங்குழந்தைகளின் உயிரையே பறிக்கக் கூடியவை. பிறந்து சில வாரங்களே ஆன சிசுவுக்கு மூச்சு வாங்கினால், ரத்தத்தில் பாக்டீரியாத் தொற்று இருக்கலாம் என்று கருதி உடனே ஆன்டிபயாட்டிக் ஊசி தொடங்குவதும் அவசியமே.

சாம்பிராணிப் புகையையும் அடுப்புப் புகையையும் குழந்தையிடமிருந்து விலக்கி வையுங்கள். மூக்கில் எண்ணெய் விடும் வழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி, ஆற நாளாகும் தனி வகை நிமோனியாவை உண்டாக்கும்.

கேள்வி: மறுபடியும் வருமா? வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? தடுப்பூசி உண்டா?

பதில்: ஆர்.எஸ்.வி. மீண்டும் வரலாம், பொதுவாக அடுத்த முறை வேகம் குறைந்திருக்கும். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையை மேலே தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, அதன்பின் ஒரு வயது வரை 50, அல்லது அதற்கு மேல் போனால் அது வேகமான மூச்சு. விலா எலும்புக்குக் கீழே ஒவ்வொரு மூச்சுக்கும் குழி விழுவது, மூக்குத் துவாரம் விரிவது, இரண்டு வாய் உறிஞ்சிவிட்டு மார்பை விட்டுவிட்டு இரைப்பது, உதடு நீலம் பாரிப்பது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் விடியும் வரை காத்திருக்க வேண்டாம்.

இந்த வைரஸுக்கு 1960-களில் சோதிக்கப்பட்ட தடுப்பூசி நோயைக் கடுமையாக்கி, இரண்டு குழந்தைகள் இறக்கவும் நேர்ந்தது. அந்தத் துயரத்துக்குப் பின் பல பத்தாண்டுகள் கழித்தே, 2023-இல் அமெரிக்காவில் கர்ப்பிணிகளுக்கான தடுப்பூசியும், குழந்தைக்கு நேரடியாகப் போடும் நிர்செவிமாப் என்ற எதிர்ப்புப்புரத ஊசியும் அனுமதி பெற்றன. உங்கள் மகளுக்கு இப்போது முக்கியம் 14-ஆம் வார ஊசிதான். ஹிப், கக்குவான் இருமல், நியூமோகாக்கஸ் மூன்றுக்கும் அதில் பாதுகாப்பு உண்டு. லேசான இருமல் மிச்சம் இருந்தாலும், காய்ச்சலின்றி நன்றாகப் பால் குடிக்கிறாள் என்றால் நாளைத் தள்ளிப்போடாமல், தடுப்பூசி அட்டையையும் மருத்துவமனைச் சீட்டையும் எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள்.