செல்ஃபைத் தொடாதீர்கள்: பழைய கார் கேள்வி-பதில்

கே: 2012-லிருந்து ஷெட்டில் நிற்கும் அம்பாசடர். புது பேட்டரி மாட்டி செல்ஃப் (எஞ்சினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார்) அடித்தோம், 'டொக்' என்று ஒரே சத்தம். பெரிய பேட்டரி போட்டால் சரியாகுமா?

ப: பெட்ரோலா டீசலா என்றுகூட எழுதவில்லை. பெட்ரோல் என்றே வைத்துக்கொள்கிறேன். இத்தனை வருஷம் நின்ற எஞ்சினில் சிலிண்டர் சுவரில் ஆயில் இருக்காது, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் துருவேறி சுவரோடு ஒட்டியிருக்கும். அதன்மேல் செல்ஃபின் முழு பலத்தையும் இறக்கினால் ரிங் உடையும், சுவர் கீறும், சிலிண்டரைக் கடையும் போரிங் செலவு வரும். எத்தனை தடவை எழுதினாலும் முதலில் பேட்டரி கடைக்குத்தான் ஓடுகிறீர்கள்! என் வண்டியிலேயே நான் ஊரில் இல்லாத நாளில் மைத்துனன் இந்த வேலையைச் செய்தான், இன்றுவரை அந்த ரிங் செட் காசு வரவில்லை.

நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு, மூன்று நாள் சும்மா விடுங்கள். அப்புறம் நியூட்ரலில் வைத்து, முன்னாலிருந்து எஞ்சினைக் கையால் சுற்றும் ஹேண்டிலால் மெதுவாகச் சுற்றுங்கள். ஹேண்டில் போட வழியில்லாத மாடல் என்றால் டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். அசையவில்லையா? இன்னும் ஆயில், இன்னும் ஒரு வாரம். பலத்தைக் காட்ட வேண்டாம். லேசாகச் சுற்றினால் பழைய ஆயிலை இறக்கி 20டபிள்யூ-50 ரக எஞ்சின் ஆயில் நாலு லிட்டர் போல ஊற்றி ஃபில்டரையும் மாற்றுங்கள். பிளக் இல்லாமலேயே விட்டுவிட்டு செல்ஃப் அடித்து, ஆயில் பிரஷர் கேஜ் முள் ஏறிய பிறகுதான் பிளக் மாட்ட வேண்டும். அதற்கப்புறம் ஹேண்டில் போடுகிறவர்கள் கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள், திருப்பி அடித்தால் எலும்பு போய்விடும்.

கே: பத்மினி கார். கார்புரேட்டர் வாயில் பெட்ரோல் ஊற்றினால் ஓடுகிறது, உடனே நின்றுவிடுகிறது.

ப: பெட்ரோல் பம்புக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு காய்ந்திருக்கும், கிட் மாற்றுங்கள். வாயில் ஊற்றும் வித்தையை இன்றோடு விடுங்கள். ஒரு பேக்ஃபயர் போதும், பானெட்டுக்குள் தீ.

கே: ஸ்டாண்டர்ட் ஹெரால்டில் நாலு வருஷப் பெட்ரோல் அரை டேங்க் இருக்கிறது. மேலே பத்து லிட்டர் புதுசு ஊற்றினால் போதுமா?

ப: கெட்டுப்போன மோரில் புதுப் பாலை ஊற்றுவீர்களா? முழுசாக இறக்குங்கள், டேங்கைக் கழற்றிக் கழுவுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் தண்ணீரை இழுக்கும், அளவு மிஞ்சினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கி டேங்கைத் துருப்பிடிக்க வைக்கும். இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால், 1960-களில் வண்டலூரில் செய்த வண்டியின் ரப்பருக்கு அது ஆகாது. ஹோஸ், டயாஃப்ரம் எல்லாம் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுங்கள். டேங்க் டிக்கிக்குள்ளேயே இருக்கிறது, கசிந்தால் வாடை காருக்குள்தான். அப்புறம், செல்ஃபைத் தொடும் முன் கையால் சுற்றிப் பாருங்கள். ஹெரால்டில் பானெட் முழுசாக முன்னால் கவிழும், பிளக் கழற்ற முடியவில்லை என்ற சாக்கு செல்லாது.

கே: காயில், கண்டென்சர் இரண்டும் புதுசு. தீப்பொறி இல்லை.

ப: டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் பாயிண்டைப் பார்த்தீர்களா? வருஷக்கணக்கில் நின்றால் படலம் கட்டும். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, 0.4 மில்லிமீட்டர் இடைவெளி வையுங்கள். அதிலும் வரவில்லை என்றால் எலி கடித்த ஒயரைத் தேடுங்கள்.

கே: வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துகிறேன். சரிதானே?

ப: இல்லை. எஞ்சின் சூடேறாமல் ஈரம் ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கும். ஓட்டினால் அரை மணி நேரம் ரோட்டில் ஓட்டுங்கள், இல்லையென்றால் தொடவே தொடாதீர்கள்.

கே: எட்டு வருஷம் கழித்து வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது! மெக்கானிக் கடை 20 கிலோமீட்டர். மெதுவாக ஓட்டிப் போகலாமா?

ப: பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே. பிரேக் ஆயிலும் தண்ணீரை உறிஞ்சும், வீல் சிலிண்டர் துருவேறியிருக்கும், பெடல் முதல் தடவை பிடித்து இரண்டாம் தடவை தரையைத் தொடலாம். டயர் ஓரத்தில் தேதி எண்ணையும் பாருங்கள், '1409' என்றால் 2009-ன் பதினாலாவது வாரம். லாரியில் ஏற்றி அனுப்புங்கள்.