பழைய வீட்டின் மாடிப் போர்ஷனை வாடகைக்கு விடும் முன் எதற்குச் செலவு செய்வது?

குரோம்பேட்டையில் உங்கள் தந்தை 25 ஆண்டுகளுக்கு முன் கட்டிய வீடு, மாடியில் இரண்டு படுக்கையறைப் போர்ஷன், கையில் மூன்று லட்சம் ரூபாய். ஃபால்ஸ் சீலிங், மாடுலர் கிச்சன், ஹாலில் வால்பேப்பர் என்று ஒப்பந்தக்காரர் திட்டம் கொடுத்திருக்கிறார், செய்தால் நல்ல குடித்தனக்காரர் வருவாரா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த மூன்றும் வேண்டாம் என்பது என் பதில்.

நான் கீழ்க்கட்டளையில் ஒரு மாடிப் போர்ஷனை வாடகைக்கு விட்டிருக்கிறேன். அதற்கு முன் பல ஆண்டுகள் வாடகை வீடுகளில் இருந்தவன். ஆகவே ஓனரின் கணக்கும் தெரியும், குடியிருப்பவரின் எரிச்சலும் தெரியும். என் அளவுகோல் ஒன்றுதான்: குடித்தனக்காரர் தானே செய்துகொள்ள முடியாததைச் செய்து கொடுங்கள். காலி செய்யும்போது அவர் லாரியில் ஏற்றிக்கொண்டு போகிற பொருளுக்கு உங்கள் பணம் எதற்கு? ஏசி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் அவரிடமே இருக்கும். சுவருக்குள் ஓடும் ஒயரும், தரைக்கு அடியில் ஓடும் குழாயும், தலைக்கு மேலே இருக்கும் தளமும் உங்களுடையவை.

மாடிப் போர்ஷன் என்பதால் முதலில் மொட்டை மாடிக்குப் போங்கள். அந்தக் காலத்தில் சுருக்கி (சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்த கலவை) போட்டு மேலே தட்டோடு என்ற தட்டையான சுட்ட மண் ஓடு பதித்திருப்பார்கள். 25 ஆண்டு வெயிலில் தட்டோட்டின் இணைப்புகள் விட்டுப்போயிருக்கும். மழைநீர்க் குழாயின் வாயை அடைத்து, இரண்டு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டி, ஒரு நாள் முழுக்க விட்டுப் பாருங்கள். கீழே கூரையில் எங்காவது ஈரம் பூத்தால் உங்கள் மூன்று லட்சத்தில் முதல் பங்கு அங்கே போகட்டும். ஈரம் இருக்கும் கூரைக்குக் கீழே ஃபால்ஸ் சீலிங் அடித்தால் ஒழுகல் நிற்காது, கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். உள்ளே கம்பி துருப்பிடித்து சிமெண்ட் பெயர்ந்து விழும்போதுதான் தெரியவரும். ஒழுகல் சரியானதும் தளத்தின் மேல் வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பூச்சு அடித்துவிடுங்கள். மே மாதத்தில் மாடிப் போர்ஷனைப் பார்க்க வருபவர் வாசலில் நுழைந்ததும் முகத்தில் அனல் அடித்தால், மற்ற அறைகளைப் பார்ப்பதெல்லாம் உங்கள் மனம் நோகக் கூடாது என்பதற்காகத்தான்.

அடுத்தது தண்ணீர். 2019 கோடையில் ஏரிகள் கிட்டத்தட்ட வறண்டு, சென்னையே லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்ற பிறகு, வீடு தேடி வரும் யாரும் வாடகையைக் கேட்கும் முன்பே தண்ணீரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். போர் தண்ணீரா, உப்பா, லாரி வாங்க வேண்டுமா, மோட்டார் யார் போடுவது? இதற்கெல்லாம் நேரான பதில் சொல்ல முடிந்தால் பாதி வேலை முடிந்தது. மாடிப் போர்ஷனுக்கென்று தனித் தொட்டி வையுங்கள். ஒரே தொட்டியை இரண்டு குடும்பம் பகிர்ந்துகொண்டால் விடியற்காலையில் சண்டை நிச்சயம். தொட்டி நிரம்பியதும் மோட்டாரைத் தானே நிறுத்தும் கருவி பெரிய செலவு இல்லை. அது இருந்தால் ‘தண்ணீர் வழிகிறது’ என்று நீங்கள் கீழேயிருந்து குரல் கொடுக்க வேண்டிய அவசியமும் இருக்காது.

வீடு கட்டிய காலத்தை வைத்துப் பார்த்தால் உங்கள் வீட்டில் ஜி.ஐ. குழாய்கள் (துத்தநாகப் பூச்சுள்ள இரும்புக் குழாய்கள்) இருக்க வாய்ப்பு அதிகம். உப்புத் தண்ணீர் ஓடிய ஜி.ஐ. குழாய் உள்ளே துருவும் உப்பும் படிந்து குறுகிவிடும். வெளியே புது டேப் மாட்டினாலும் தண்ணீர் நூலாகத்தான் வரும். துருப்பிடிக்காத சி.பி.வி.சி. பிளாஸ்டிக் குழாயாக மாற்றிவிடுங்கள். தொட்டியின் உயரத்தையும் அப்போதே கவனியுங்கள். தொட்டிக்கும் ஷவருக்கும் இடையிலுள்ள ஒவ்வொரு மீட்டர் உயரமும் தருவது ஏறக்குறைய 0.1 பார் அழுத்தம்தான். மாடிப் போர்ஷனுக்கு மேலே தொட்டியைத் தளத்திலேயே உட்கார வைத்துவிட்டு, குளியலறையில் அகலமான ‘ரெயின் ஷவர்’ மாட்டுகிறார்கள். அது சொட்டுச் சொட்டாக அழும். அதற்குப் பதில் தொட்டிக்கு அடியில் நான்கைந்து அடிக்கு மேடை கட்டி, சாதாரண ஷவர் மாட்டலாம்.

குளியலறைக்கு நான் கொஞ்சம் தாராளமாகவே செலவு செய்வேன். வீடு பார்க்க வரும் குடும்பத்தில் முடிவெடுப்பவர் பெரும்பாலும் நேராக அங்கேதான் போகிறார். பளபளப்பான டைல்ஸ் வேண்டாம், சொரசொரப்பானது போடுங்கள். முதியவர்கள் வழுக்கி விழும் இடம் அதுதான். டைல்ஸைப் பெயர்க்கும்போதே அடியில் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சைக் கொடுத்துவிட வேண்டும். தரையின் சரிவு வடிகாலை நோக்கித்தான் போகிறதா என்று ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்த பிறகே மேஸ்திரிக்குக் கடைசித் தவணையைக் கொடுங்கள். இரண்டு கழிப்பறை இருந்தால் ஒன்றையாவது வெஸ்டர்னாக மாற்றுங்கள். மூட்டுவலி உள்ள பெற்றோருடன் வருபவர் முதலில் கேட்பது அதைத்தான். கீசருக்குப் பாயிண்டும் குழாயும் போதும். கீசரை அவரே வாங்கிக்கொள்வார். நம் பக்கத்து உப்புத் தண்ணீரில் கீசருக்குள் சுண்ணாம்பு படிந்து அடிக்கடி பழுதாகும். அந்தப் பஞ்சாயத்து நமக்கு எதற்கு?

மின்சாரத்தில் முதல் வேலை, மாடிக்குத் தனி மின் இணைப்பு. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். தனி இணைப்பு இருந்தால் அது குடித்தனக்காரருக்குக் கிடைக்கும்; கட்டணத்தை அவரே மின்வாரியத்துக்குக் கட்டிக்கொள்வார். தனி இணைப்பு வாங்காமல், தங்கள் இணைப்பிலிருந்தே அளக்கும் சப் மீட்டரை மாட்டிவிட்டு யூனிட்டுக்குத் தங்கள் இஷ்டத்துக்கு ஒரு விலை போடும் ஓனர்கள் இந்த ஊரில் ஏராளம். அதில் கிடைக்கும் சில நூறு ரூபாய்க்காக நல்ல குடும்பங்களை இழக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

பழைய வீட்டில் ஏசிக்கும் கீசருக்கும் ஏற்ற ஒயர் இருக்காது. இரண்டுக்கும், வீட்டுக்குள் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிபி பெட்டியிலிருந்தே தனித்தனியாக 4 சதுர மி.மீ. செப்பு ஒயர் இழுக்கச் சொல்லுங்கள். ஏசியின் செப்புக் குழாய் வெளியே போக, சுவரில் ஒரு பி.வி.சி. குழாயையும் பதித்துவிடுங்கள். இல்லாவிட்டால் வரும் ஒவ்வொருவரும் தனித்தனியாக ஓட்டை போடுவார்கள். மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் வேண்டும், எர்த்தும் சரியாக இருக்க வேண்டும். சமையலறை மேடைக்கு மேலே ஒரே ஒரு பிளக் பாயிண்ட் வைப்பது அந்தக் கால வழக்கம். இன்று மிக்சி, கிரைண்டர், ஃபிரிட்ஜ், தண்ணீர் சுத்திகரிப்பான், இண்டக்‌ஷன் அடுப்பு என்று ஐந்து பொருள்கள் நிற்கின்றன. ஐந்துக்கும் இடம் விடுங்கள். படுக்கையறையில் கட்டிலுக்குப் பக்கத்திலும், மேஜை போடக்கூடிய மூலையிலும் பாயிண்ட் வையுங்கள். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் இதை ஒரு பார்வையில் கவனித்துவிடுவார்கள். வண்டி நிறுத்தும் இடத்தில், மாடியின் மீட்டரிலிருந்தே ஒரு பிளக் பாயிண்டை இறக்கிக் கொடுங்கள். மின்சார ஸ்கூட்டர் வைத்திருப்பவர் அந்த ஒரு காரணத்துக்காகவே உங்கள் வீட்டைத் தேர்ந்தெடுக்கலாம்.

மாடுலர் கிச்சன் வேண்டாம் என்றேனே, காரணம் தண்ணீர்தான். சிங்குக்கு அடியில் கசியும் ஈரத்தில் அந்தப் பலகைகள் ஊறி உப்பிவிடும், அதன் பிறகு கரப்பான் பூச்சி குடிவரும். இருக்கும் கடப்பா கல் தட்டுகளுக்கு அலுமினியக் கதவு போட்டு, ஆழமான சிங்க் வைத்து, ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினால் போதும். பரணுக்கும் ஒரு கதவு போடுங்கள்.

சிறிய செலவில் அதிகப் பலன் தருவது கொசுவலை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில் வாழ்பவன் சொல்கிறேன், நம்புங்கள். எல்லா ஜன்னலுக்கும், பால்கனிக் கதவுக்கும் சட்டம் வைத்த வலை. ஒட்டும் பட்டையில் நிற்கும் வலை ஒரே கோடையில் தொங்கிவிடும்.

பணமே செலவாகாத ஒன்றும் இருக்கிறது. கேட் சாவியில் ஒன்றைக் குடித்தனக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். ‘இரவு பத்து மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவோம்’ என்ற ஒரு வாக்கியம், நீங்கள் போட்ட அத்தனை டைல்ஸையும் வீணாக்கிவிடும். இரவுப் பணிக்குப் போகிறவர்கள் நிறைந்த ஊர் இது.

இவ்வளவும் மறைவில் இருக்கிற வேலைதானே, வாடகை ஏறுமா என்று நீங்கள் கேட்கலாம். மாதத்துக்குச் சில ஆயிரம் கூடக் கிடைக்கலாம். ஆனால் நான் பார்ப்பது வீடு காலியாகக் கிடக்கும் மாதங்களைத்தான். 18,000 ரூபாய் வாடகை வரும் வீடு இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தால் 36,000 போயிற்று. அதன் மேல் தரகருக்கு ஒரு மாத வாடகை, மறுபடி பெயிண்ட். ஆள் மாறாமல் இருப்பதுதான் லாபம். தவிர, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறாக எழுதிக்கொள்ளாதவரை, கட்டடப் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, குழாய் மாற்றுவது, ஒயரிங் ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச் போன்ற சில்லறை வேலைகள் குடியிருப்பவருடையவை. எப்படியும் உங்கள் தலையில் விழப்போகிற வேலையை, ஒரு குடும்பம் உள்ளே இருக்கும்போது சுவரை உடைத்துச் செய்வதைவிட இப்போது செய்வது நல்லது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். புதிதாகப் போட்டவற்றின் பட்டியலையும் புகைப்படங்களையும் அதோடு சேர்த்துவிடுங்கள்.

பெயிண்ட் கடைசி வேலை. வடகிழக்குப் பருவமழை முடிந்தாலும் சுவரில் ஈரம் ஜனவரி வரை நிற்கும். அதற்குள் அடித்தால் பொரிந்து உதிரும். பிப்ரவரியில் வேலையைத் தொடங்கி ஏப்ரலில் முடித்தால், பள்ளி மாற்றத்துக்காகக் குடும்பங்கள் வீடு தேடும் நேரத்தில் உங்கள் டு-லெட் பலகை தொங்கும். இழுத்தடித்து ஜூலை நடுவில் முடித்தால் ஆடி பிறந்துவிடும். ஆடியில் பால் காய்ச்ச யாரும் முன்வரமாட்டார்கள், ஆவணி வரை காத்திருக்க வேண்டியதுதான்.