அம்மாவின் முட்டையை நிறுத்த வேண்டாம்

புற்றுநோய்க் கலங்கள் புரதத்தின் கூறான அமினோ அமிலத்தை இழுத்துத்தான் வளர்கின்றனவாம், அதனால் வெள்ளவத்தையில் இருக்கும் அம்மாவுக்கு முட்டை, மீன், பருப்பை நிறுத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். நீங்கள் வாசித்தது பாதிதான் சரி. பல புற்றுக் கலங்கள் தம் மென்சவ்வில் லாட்1 என்ற கடத்திப் புரதத்தை வாசல்போல அளவுக்கு மிஞ்சி வைத்து லியூசின் என்ற அமினோ அமிலத்தை உள்ளே எடுக்கின்றன. அந்த வாசலை அடைக்கும் நான்வுரன்லாட் என்ற மருந்தை ஜப்பானில் பித்தக்குழாய்ப் புற்றுநோயாளர்களுக்குக் கொடுத்துப் பரிசோதித்தார்கள். ஆனால் வாசலை அடைப்பது வேறு, சாப்பாட்டைக் குறைப்பது வேறு. சாப்பிடாவிட்டால் உடம்பு தசையைக் கரைத்து அதே அமிலங்களை இரத்தத்தில் விடும். கட்டி பட்டினி கிடக்காது, அம்மாதான் மெலிந்துபோவார். அடுத்த முறை மகரகமை புற்றுநோய் வைத்தியசாலைக்கு கிளினிக் போகும்போது உணவு ஆலோசகரிடம் கதையுங்கள். சிறுநீரகப் பிரச்சினை ஏதும் இருந்தால் அதையும் சொல்லுங்கள், புரத அளவு மாறும்.