கூத்தைப் படமாக்கினால் வாயசைப்பு ஏன் விலகுகிறது?

கேள்வி: எங்கள் ஊர்க் கோவலன் கூத்தைக் கைபேசியில் படமாக்குகிறோம். முன்பே பதிந்த பாட்டுக்கு வாயசைத்தால், தொடக்கத்தில் பொருந்துகிறது, பாதியில் விலகிவிடுகிறது. எங்கே பிழை?
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: முதற் சந்தேகம் கைபேசி மேல்தான். பல கைபேசிகள் வெளிச்சத்துக்கேற்ப பிரேம் வேகத்தை, அதாவது ஒரு விநாடிக்கு எடுக்கும் படங்களின் எண்ணிக்கையை, தாமே கூட்டிக் குறைக்கும். பாட்டு நீள நீள விலகலும் கூடும். வேகத்தை 25 பிரேமில் பூட்டும் செயலியைப் பாவியுங்கள். ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/50 விநாடி என்றால் மின்விளக்கும் மினுங்காது. பாட்டை 48 கிலோஹேர்ட்ஸில் பதிந்து, தொடக்கத்தில் நாலு மத்தள அடி சேருங்கள். ஆடுபவருக்கு எடுப்பு அதுதான்.

ஆனால் விருத்தத்துக்கு இது சரிவராது. அதற்குத் தாளக்கட்டு இல்லை. கண்ணகி ‘ஆ…’ என்று இழுக்கும் நீளம் அன்றைய மூச்சைப் பொறுத்தது. அதே இழுப்பை மறுபடி வாயசைக்க நல்ல கலைஞராலும் முடியாது. விருத்தத்தைக் களத்திலேயே பாடவிட்டு, சட்டையின் உட்புறம் சிறு ஒலிவாங்கி பொருத்துங்கள். 2012இல் வந்த ‘லே மிசராப்’ படத்தில் நடிகர்கள் களத்திலேயே பாடினார்கள். பியானோ காதுக்கருவியில் மட்டும் கேட்டது. பின்னால் நிற்பவர்கள் பாடும் பிற்பாட்டையும் சுருதியையும் நீங்களும் அப்படிக் கொடுக்கலாம்.

தாளத்தோடு ஆடிப் பாடும் தருக்களை முன்பே பதியலாம். பதியும்போதும் ஆடுபவர், கூத்தைப் பழக்கும் அண்ணாவியாருக்கு முன்னால் நின்று ஆட்டம் மிதித்துப் பாடவேண்டும். இருந்து பாடினால் வேகம் மாறிப்போகும். இசைத்தட்டும் வெளியிடுவதானால் மத்தளம், சல்லாரி (கைத்தாளம்), குரல் மூன்றையும் தனித்தனித் தடத்தில் எடுங்கள். சல்லாரி குரலுக்குள் ஏறிவிட்டால் பிறகு பிரிப்பது பெரும்பாடு.